மண்டபத்துக்கு வெளியே கும்பகோணம்

கும்பகோணத்தில் கல்யாணம் என்று வரும் வெளியூர் விருந்தினருக்கு நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. முதல் நாள் காலையில் ரயிலை விட்டு இறங்கிக் குளித்துச் சாப்பிட்டால், மாலை மாப்பிள்ளை அழைப்பு வரை நாலைந்து மணி நேரம் கையில் இருக்கும். மறுநாள் இருட்டு விலகுவதற்குள் எழுந்து தயாராக வேண்டும். முகூர்த்தம் பெரும்பாலும் அதிகாலைதான். கெட்டிமேளம் கொட்டி, அட்சதை போட்டு, மொய் எழுதி, பந்தியில் சாப்பிட்டு எழுந்தால் பகல் பன்னிரண்டு. ஊர் திரும்பும் ரயிலோ ராத்திரி. நடுவில் கிடக்கும் நேரத்தை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பெண் வீட்டார் கட்டுச்சாதக் கூடை கட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை வீட்டார் சாமான் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். விருந்தினர் மண்டபத்து அறையில் மின்விசிறிக்குக் கீழே படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கொஞ்சம் சுறுசுறுப்பானவர்கள் வேன் பிடித்து நவக்கிரகக் கோயில்களுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். திங்களூர் மேற்கே திருவையாற்றுப் பக்கம். திருவெண்காடும் கீழப்பெரும்பள்ளமும் கிழக்கே கடலோரம். திருநள்ளாறு காரைக்காலை ஒட்டி. ஒன்பதையும் தரிசிக்க ஒரு முழு நாள் வேண்டும், அதுவும் விடியும் முன்பே புறப்பட்டால்தான். முகூர்த்தத்துக்காக நாலு மணிக்கு எழுந்த பெரியவர்களையும் பட்டுப் பாவாடைக் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு அரை நாளில் முடிக்கிற காரியம் இல்லை அது. வேண்டுதல் இருந்தால் தனியாக ஒரு தடவை வாருங்கள்.

நான் சொல்லும் வழி இது: மணமேடையைச் சுற்றி ஒரு முறை கவனமாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் எரியும் குத்துவிளக்கு. மேடைக்குக் கீழே ஒலிக்கும் நாதஸ்வரம். மணப்பெண் உடுத்தியிருக்கும் பட்டு. சீர்வரிசையில் அடுக்கியிருக்கும் பித்தளையும் வெண்கலமும். தாம்பூலப் பையில் வெற்றிலை. இந்த வட்டாரத்துக் கல்யாணங்களில் இவற்றில் பெரும்பாலானவை மண்டபத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் செய்யப்பட்டவையாக இருக்கும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம், திருபுவனம் பட்டு, கும்பகோணம் வெற்றிலை எல்லாமே புவிசார் குறியீடு வாங்கியவை. சுவாமிமலை சிலையும் அப்படித்தான். ஒரே வட்டாரத்தில் இத்தனை அங்கீகாரம் குவிந்திருப்பது சாதாரண விஷயம் இல்லை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் இவற்றில் இரண்டு மூன்றையாவது பிறக்கும் இடத்திலேயே பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் ஆசை.

அதற்கு முன் ஒரு நேரக் கணக்கு. இந்தப் பக்கத்துக் கோயில்களில் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். கல்யாண விருந்தினருக்குக் கை ஓய்வது சரியாக இந்த நேரத்தில்தான். அடைத்த கோபுர வாசலில் வெயிலில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். பட்டறைகளுக்கும் தறிகளுக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே, பகலில் கைத்தொழில், நாலு மணிக்கு மேல் கோயில் என்று வைத்துக்கொண்டால் எந்த நேரமும் வீணாகாது.

நாதஸ்வரம் பிறக்கும் தெரு

முதலில் நரசிங்கம்பேட்டை. மயிலாடுதுறை சாலையில் ஆடுதுறையைத் தாண்டியதும் வரும். கும்பகோணத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். மயிலாடுதுறை போகும் பஸ்ஸில் ஏறி இறங்கிக்கொள்ளலாம். பெயர்ப்பலகை, வளைவு என்று பெரிதாக எதுவும் எதிர்பார்க்காதீர்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான் இந்த வேலையைச் செய்கின்றன. வீட்டையொட்டிய பட்டறை, கடைசல் இயந்திரம், சுவரில் சாய்த்து வைத்த மரத்துண்டுகள். அவ்வளவுதான் இடம்.

நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம். புதிதாக வெட்டிய மரம் உதவாது. ஈரம் அறவே போய் இறுகியிருக்க வேண்டும். அதனால் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூணையும் உத்திரத்தையும் தேடி வாங்குகிறார்கள். பல தலைமுறைகளாகக் கூரையைத் தாங்கிய மரம் அதற்குப் பிறகு வாத்தியமாகிறது. மரத்தைக் கடைந்து, நடுவே நீளத்துக்கும் துளை போட்டு, அந்தத் துளை மேலிருந்து கீழே சீராக விரிந்துகொண்டு வரும்படி இழைக்க வேண்டும். வாசிக்க ஏழு துளைகள். அடிப்பக்கத்தில் இன்னும் ஐந்து துளைகள் உண்டு. அவற்றில் விரல் வைப்பதில்லை, தேவைப்பட்டால் மெழுகு வைத்து அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள். கீழே அணசு என்னும் விரிந்த வாய், மேலே ஊதுவதற்குச் சீவாளி. ஒரு துளை மயிரிழை தள்ளிப்போனாலும் ஸ்வரம் தப்பும். கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது. பட்டறை வாசலில் நின்று, செய்தவரே வாயில் வைத்து ஊதிப் பார்ப்பதைக் கேட்டீர்களானால், மறுநாள் காலை கெட்டிமேளத்தின்போது உங்கள் காது தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. பழைய நாளில் புழங்கியது திமிரி நாதஸ்வரம். நீளம் குறைவு, சுருதி அதிகம். இன்று மேடையில் பார்க்கும் நீளமான பாரி நாதஸ்வரத்துக்கு இன்றைய வடிவம் கிடைத்தது இங்கேதான். 1950-களில் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி அதை உருவாக்கினார். சுத்த மத்யம ஸ்வரம் சுத்தமாகப் பேச வேண்டும் என்பது பிள்ளையவர்களின் தேவை. அதற்கு ஏற்பத் துளைகளின் இடத்தை மாற்றி அமைத்தவர் ஆசாரி. வித்துவானும் தச்சரும் சேர்ந்து ஒரு வாத்தியத்தையே திருத்திய கதை. அந்தத் திருவாவடுதுறை பக்கத்திலேயே இருக்கிறது. ஆதீன மடம், திருமூலரோடு சம்பந்தப்பட்ட கோமுக்தீஸ்வரர் கோயில், சீவாளி கட்டும் குடும்பங்கள் எல்லாம் அங்கே உண்டு. ஆற்றங்கரை நாணலை வெட்டிப் பதப்படுத்திச் சீவாளி செய்கிறார்கள். இசை தெரிந்தவர் உங்கள் கூட்டத்தில் ஒருவர் இருந்தாலும் இந்தப் பக்கம் வராமல் போகக் கூடாது. இசை தெரியாதவரும் வரலாம். மரம் பேச ஆரம்பிப்பதைப் பார்க்க ராக ஞானம் தேவையில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இது காட்சிக்கூடம் இல்லை, ஒருவருடைய வேலை இடம். வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். படம் எடுப்பதானாலும் கேட்டு எடுங்கள். கையில் வேலை இருந்தால் பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள்.

திரும்பும் வழியில் பட்டு

நரசிங்கம்பேட்டையிலிருந்து கும்பகோணம் திரும்பும் அதே சாலையில்தான் திருபுவனம் இருக்கிறது. ஊருக்கு எட்டு கிலோமீட்டர். நாயக்கர் காலத்தில் வந்து குடியேறிய சௌராஷ்டிரர்கள் இங்கே பட்டு நெசவை வளர்த்தார்கள். தெருவுக்குள் நடந்தால் இன்றும் வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். 1955-ல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ‘திகோ சில்க்ஸ்’ என்ற பெயரில் கடை நடத்துகிறது. திருபுவனம் சேலையை மடிக்கும் முறையே தனி. விசிறி மடிப்பு என்பார்கள். வாங்கும் எண்ணம் இருந்தால் தனியார் கடைகளுக்குப் போவதற்கு முன் சங்கத்துக் கடைக்குப் போய்ச் சரிகையும் விலையும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டு எடுக்க அவசரம் ஆகாது. கல்யாண வீட்டுச் சந்தடியில் எடுத்த புடவையை ஊருக்குப் போய்ப் பிரித்துப் பார்த்து வருந்துபவர்கள் நிறைய.

மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேஸ்வரர் கோயில் இங்கேதான். தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் வரிசையில் நாலாவது. சோழர்கள் எழுப்பிய கடைசிப் பெருங்கோயில் என்றும் சொல்லலாம். கோபுரத்தைவிட விமானம் உயர்ந்து நிற்கும் அமைப்பை இங்கே தெளிவாகப் பார்க்கலாம். சரபேஸ்வரர் சந்நிதிக்கு ஞாயிறு மாலை ராகு காலத்தில், அதாவது நாலரையிலிருந்து ஆறு வரை, பெரும் கூட்டம் வரும். வேண்டுதலுக்கு வருபவர்கள் அந்த நேரத்துக்கு வரட்டும். சிற்பம் பார்க்க வருபவர்கள் வேறு நாள் வருவது நல்லது.

விளக்கும் கருடனும்

திருவாரூர் சாலையில் பத்து கிலோமீட்டர் போனால் நாச்சியார்கோயில். தேர்ந்தெடுக்க ஒரே இடம்தான் முடியும் என்றால் நான் இதைச் சொல்வேன். பட்டறையும் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருப்பது ஒரு காரணம். இரண்டுமே கல்யாணத்தோடு சம்பந்தப்பட்டிருப்பது இன்னொன்று.

விளக்கு செய்யும் பட்டறையில் முதலில் கண்ணில் படுவது மணல்தான். காவிரியின் நயமான வண்டலை அச்சுச் சட்டத்தில் கெட்டித்து, மாதிரியை அழுத்தி எடுத்து, அந்தக் குழிவில் உருக்கிய பித்தளையை ஊற்றுகிறார்கள். குத்துவிளக்கு ஒரே வார்ப்பு இல்லை. பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, அரம் போட்டு, மரை வைத்துப் பொருத்துகிறார்கள். எண்ணெய் பிசுக்கு ஏறினால் கழற்றித் தேய்த்து மறுபடி பூட்டுவதற்கு வசதியாக. சாண் உயர விளக்கிலிருந்து ஆள் உயரம் வரை செய்கிறார்கள். தோரண விளக்கு, கிளை விளக்கு, பாவை விளக்கு என்று வகைகளும் உண்டு.

வாங்குபவர்களுக்கு: விலை பெரும்பாலும் எடைக்குத்தான். கையில் தூக்கிப் பாருங்கள். சமதரையில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு மரையையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். இறுக்கமாக, கோணாமல் உட்கார வேண்டும். மெருகு கண்ணைப் பறிக்கிறதா என்பது அவ்வளவு முக்கியம் இல்லை. மெருகு ஒரு வருஷத்தில் போய்விடும், மரை பேரன் காலம் வரை வர வேண்டும். மணமக்களுக்குப் பரிசு இன்னும் வாங்கவில்லை என்றால் இங்கே வாங்கிக் கொடுங்கள். உறையில் பணம் வைத்துக் கொடுத்தது யார் என்று யாருக்கும் நினைவிருக்காது. விளக்கு கொடுத்தவரை அந்த வீட்டுப் பெண் வெள்ளிக்கிழமைதோறும் நினைப்பாள்.

நாலு மணிக்குக் கோயில் திறந்ததும் உள்ளே போங்கள். இது திருநறையூர் திவ்ய தேசம். கோச்செங்கட் சோழன் எடுப்பித்த மாடக்கோயில்களில் ஒன்று. படியேறித்தான் பெருமாளைச் சேவிக்க வேண்டும். கருவறையிலேயே தாயாரோடு கல்யாணக் கோலத்தில் நிற்கிறார். மேதாவி முனிவரின் மகளாக வளர்ந்த வஞ்சுளவல்லியைக் கைப்பிடிக்கப் பெருமாள் தேடி வந்தார் என்பது தல வரலாறு. பெண்ணுக்கே முதலிடம் என்று ஒப்புக்கொண்டு மணந்தாராம். ஊருக்கும் நாச்சியார் பெயர், புறப்பாட்டிலும் தாயார்தான் முன்னே. புதிதாகக் கல்யாணம் ஆன மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் இந்தக் கதையைச் சொல்லலாம்.

கல் கருடன் தனிச் சந்நிதியில் இருக்கிறார். மார்கழியிலும் பங்குனியிலும் அவர் மேல் பெருமாள் புறப்படுவார். சந்நிதியை விட்டு எடுக்கும்போது நாலு பேர் தூக்குவார்கள். அடுத்தடுத்த வாசலைக் கடக்கக் கடக்கக் கனம் கூடி எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நாலு என்று ஆள் பெருகி, வீதிக்கு வரும்போது நூற்று இருபத்தெட்டுப் பேர் தோள் கொடுக்கிறார்கள். திரும்பும்போது அதே கணக்கில் குறைந்துகொண்டு வரும். மார்கழியில் கல்யாணம் இருக்காது. பங்குனியில் கல்யாணத்துக்கு வருபவர்கள் உற்சவத் தேதியை விசாரித்துக்கொண்டு ஒரு நாள் முன்பாகவே வந்துவிடுங்கள்.

கல்யாணக் கோலக் கதை என்றவுடன் ஒப்பிலியப்பன் கோயிலையும் சொல்லியாக வேண்டும். திருநாகேஸ்வரத்தை ஒட்டி, கும்பகோணத்துக்கு ஆறு கிலோமீட்டரில் இருக்கிறது. மார்க்கண்டேயர் தன் பெண் சிறியவள், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாது என்று தயங்கினார். உப்பில்லாமலே சாப்பிடுகிறேன் என்று சொல்லிப் பெருமாள் மணந்தார். இன்றும் அங்கே நைவேத்தியம் எல்லாம் உப்பில்லாமல்தான். அந்தச் சோற்றை ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டால் அவர் ஒப்புக்கொண்டது எவ்வளவு பெரிது என்று புரியும்.

தாராசுரத்துக்கு மாலை ஐந்து மணி

தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் தாராசுரத்தைச் சின்னக் கோயில் என்று அரை மணியில் முடித்துவிட்டுக் கிளம்புவதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. கும்பகோணத்திலிருந்து நாலு கிலோமீட்டர், தஞ்சாவூர் சாலையில். ஆட்டோ போதும். மாலை சாய்வெயிலுக்குப் போங்கள். தட்டையாகத் தெரியும் சிற்பங்கள் அந்த வெளிச்சத்தில்தான் எழுந்து நிற்கும். தரைக்கல்லும் கால் வைக்கும் அளவுக்கு ஆறியிருக்கும்.

இரண்டாம் ராஜராஜன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில் இது. 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் கங்கைகொண்ட சோழபுரத்தோடு சேர்ந்தது. முன்மண்டபத்தைத் தேராகவே செய்திருக்கிறார்கள். சக்கரமும் இழுக்கும் குதிரையும் பார்க்கலாம். வாசலில் பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் ஸ்வரம் எழும் என்பார்கள். இப்போது கம்பி போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள், எட்டி நின்று பார்த்தால் போதும். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை.

ஆனால் நின்று பார்க்க வேண்டியது கருவறைச் சுவரின் அடிப்பகுதியை. அங்கே குனிந்தும் உட்கார்ந்தும்தான் பார்க்க முடியும். சாண் அளவுச் சதுரங்களில் அறுபத்து மூவர் கதைகள், பெயர் எழுதி வைத்து. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இந்த ராஜராஜனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். ஏட்டில் எழுதிய ஒரு தலைமுறைக்குள் அது கல்லில் ஏறிவிட்டது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட கதையைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெரியபுராணத்தில் வரும் இரண்டு திருமணங்களை நினைத்துக்கொண்டே இந்தச் சுற்றை வரலாம். புத்தூரில் சுந்தரர் மணமேடையில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு கிழவர் ஓலையோடு வந்து நீ என் அடிமை என்று வழக்காடிக் கல்யாணத்தையே நிறுத்தினார்; வந்தவர் சிவபெருமான். நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தர் மணம் முடித்ததும் எழுந்த பெருஞ்சோதியில் அவரும் மணப்பெண்ணும் மட்டுமா புகுந்தார்கள்? கல்யாணத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் கூடவே போய்ச் சேர்ந்தார்கள். விருந்தினருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்தக் கதையும் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் கோயிலின் முன்புறத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கலாம். பாவாடையையும் வேட்டியையும் தூக்கிக்கொண்டு நடக்கத் தயாராக வாருங்கள்.

இதே மேற்குத் திசையில்தான் சுவாமிமலை. தமிழ் வருஷங்கள் அறுபதின் பெயரால் அறுபது படிகள் ஏறி முருகனைத் தரிசிக்கலாம். கீழே ஸ்தபதிகளின் பட்டறைகளில் மெழுகு வார்ப்பு நடக்கும். தென்னை ஓலையை அளந்து மடித்து, அந்த மடிப்பையே அளவுகோலாக வைத்துச் சிலைக்குத் தாள அளவு பார்க்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசி நிழலில் உலர்த்தி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அதனால் ஒன்றுபோல இன்னொன்று வராது. பட்டறை பார்க்க விரும்புகிறவர்கள் தாராசுரத்துக்கு முன்பாக, பிற்பகலிலேயே இங்கே வந்துவிடுங்கள்.

ஊருக்குள்ளே நடக்க

வெளியே போக முடியாதவர்களுக்கும் ஊருக்குள் வேண்டிய அளவு உண்டு. முதல் நாள் மாலை, மாப்பிள்ளை அழைப்புக்கு முன் கிடைக்கும் நேரத்துக்கு இது சரியாக இருக்கும். சாரங்கபாணி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்துக்கு எதிரே நீளும் சந்நிதித் தெருவில்தான் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. 2003-லிருந்து சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதைப் பராமரித்து வருகிறது. திண்ணை, சின்னக் கூடம், ஜன்னலோரக் கட்டில். கால் மணியில் பார்த்துவிடலாம், ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். அவர் படித்த நகர உயர்நிலைப் பள்ளி இன்னும் நடக்கிறது. சேர்ந்து படித்து, மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்த அரசுக் கல்லூரி காவிரிக் கரையில் இருக்கிறது. அதே கல்லூரியில் 1880 முதல் தமிழாசிரியராக இருந்தவர் உ.வே. சாமிநாதையர். அங்கே வேலை பார்த்துக்கொண்டே 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். ராமானுஜன் பிறந்ததும் அந்த வருஷம்தான்.

ராமசுவாமி கோயிலுக்குப் போங்கள். ரகுநாத நாயக்கர் காலத்துக் கோயில். ராமரும் சீதையும் பட்டாபிஷேகக் கோலத்தில் சேர்ந்து உட்கார்ந்திருக்க, அனுமார் கையில் வீணை. பிரகாரச் சுவர் முழுக்க ராமாயணம் ஓவியமாக ஓடுகிறது. சுற்றி வந்தால் கதை முடிந்துவிடும். மகாமகக் குளத்தில் பதினாறு மண்டபங்கள் கரையைச் சுற்றி நிற்கின்றன. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரும் மகாமகம் கடைசியாக 2016-ல் நடந்தது, அடுத்தது 2028-ல். அந்த நேரத்தில் இங்கே கல்யாணம் வைப்பவர்கள் விருந்தினருக்குத் தங்க இடம் பார்ப்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

பாத்திரக் கடைகள் கும்பேஸ்வரர் கோயிலைச் சுற்றி. வெண்கலப் பானை, உருளி, பித்தளை டபரா எல்லாம் கிடைக்கும். ரசம் வைக்க ஈயச் சொம்பு வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை: அது வெள்ளீயம், குறைந்த சூட்டிலேயே உருகும். தண்ணீரோ ரசமோ உள்ளே இல்லாமல் அடுப்பில் வைத்தால் சொம்பு இருக்காது. சுத்தமான வெள்ளீயமா என்று நம்பகமான கடையில் கேட்டு வாங்குங்கள். கலப்பு இருந்தால் சமையலுக்கு ஆகாது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கல்யாண வீட்டில் உங்களுக்குக் குறையிருக்காது. ஆனாலும் ஒரு வேளையாவது வெளியே போய் இட்லிக்குக் கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் அரைத்துவிட்டுக் கொதித்த தொடுகறி. இந்த ஊரைத் தாண்டினால் சரியாக அமைவதில்லை. எல்லா நாளும் எல்லா ஹோட்டலிலும் இருக்காது, விசாரித்துக்கொண்டு போங்கள். காபி பித்தளை டபராவில்தான் வர வேண்டும் என்று இல்லை. முதல் டிகாக்‌ஷன், தண்ணீர் கலக்காத பசும்பால், வாங்கிய சூட்டிலேயே குடிப்பது, இவை மூன்றும் போதும். நெடுஞ்சாலையில் நூறு இடத்தில் இந்த ஊர்ப் பெயரைப் பலகையில் பார்த்திருப்பீர்கள். கோயில் வீதிகளில் இருக்கும் பழைய ஹோட்டல் ஒன்றில் காலை ஆறு மணிக்குக் குடித்துப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

வெற்றிலையைக் கடைசியில் வாங்குங்கள். காவிரிப் படுகையில் அகத்தியில் படரவிட்ட கொடிக்கால்களிலிருந்து வருவது. 2025-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கொழுந்து வெற்றிலை மெல்லியது, காரம் குறைவு. ஊருக்குக் கிளம்பும் அன்றே வாங்கி, ஈரத்துணியிலோ வாழை மட்டையிலோ சுற்றி எடுத்துப்போனால் வாடாது.

கல்யாண வீட்டாருக்கு ஒரு வார்த்தை

இதையெல்லாம் விருந்தினர் தாங்களாகத் தேடிக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள். பத்திரிகை அடிக்க எத்தனையோ செலவு செய்கிறீர்கள். அதோடு ஒரே ஒரு தாள் சேர்த்து அடியுங்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மண்டபத்துக்கு எந்த பஸ், நம்பிக்கையான ஆட்டோக்காரர் ஒருவரின் எண், கோயில் நடை சாத்தும் நேரம், பக்கத்தில் இருக்கும் இரண்டு பட்டறைகள், நல்ல காபி கிடைக்கும் இடம், மருந்துக் கடை. இவ்வளவு போதும். உறவுக்காரப் பிள்ளைகளில் ஊர் தெரிந்த ஒருவனை முகூர்த்தம் முடிந்த பிறகு பெரியவர்களோடு ஒரு வேனில் அனுப்பி வையுங்கள். நாச்சியார்கோயில், திரும்பும் வழியில் ஒப்பிலியப்பன், மாலையில் தாராசுரம். நீங்கள் சாமான்களை மூட்டை கட்டி முடிப்பதற்குள் திரும்பி வந்துவிடுவார்கள்.

விருந்தினர்களே, யாரும் தாள் தராவிட்டால் இந்தப் பக்கங்களைக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் வாங்கும்போது பெரிதாகப் பேரம் பேசாதீர்கள். அடுத்த தலைமுறை அந்த வேலைக்கு வருமா என்பதை அவர்களுக்குக் கிடைக்கும் கூலிதான் முடிவு செய்கிறது.